அப்பா சேர்த்த இசைத்தட்டுகள்: விற்பதா, கொடுப்பதா, இணையத்தில் ஏற்றுவதா?

மயிலாப்பூரிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் யாரென்று தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன். வங்கிப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற அவருடைய தந்தை சென்ற ஆண்டு உயில் எழுதாமல் காலமானார். ஐம்பது ஆண்டுகளில் அவர் சேர்த்தவை: ஏறத்தாழ 600 எல்.பி. (நீண்ட நேரம் ஓடும்) ரெக்கார்டுகள், மரப்பெட்டிகளில் நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய 78 ஆர்.பி.எம். தட்டுகள் 200-க்கும் மேல், ஒரு பீரோ நிறையக் கேசட்டுகள், சபாக்களிலும் வீட்டுக் கச்சேரிகளிலும் அவரே பதிவு செய்த 46 ஸ்பூல் டேப்புகள் (சுருளில் சுற்றிய ஒலிநாடாக்கள்), அந்த டேப்புகளுக்கு அவர் கைப்பட எழுதிவைத்த ஒரு நீளநோட்டு. குடியிருப்பை இடித்துக் கட்டப்போவதால் செப்டம்பர் இறுதிக்குள் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். போகப்போகும் வாடகை வீட்டில் இவற்றுக்கு இடமில்லை. அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் "எல்லாவற்றையும் தூக்கிப் போடு" என்கிறார். பெங்களூரில் இருக்கும் தம்பி "மார்கழிக்கு நான் வரும்வரை எதையும் தொடாதே" என்கிறார். உடன் இருக்கும் அம்மா எதுவும் சொல்வதில்லை. ஒரு வியாபாரி வந்து பார்த்துவிட்டு, டேப்புகளையும் நோட்டையும் சேர்த்து மொத்தமாக நாற்பதாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லி, வரும் ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருவதாக இருக்கிறார். கல்லூரியில் படிக்கும் மகனோ அனைத்தையும் கணினியில் ஏற்றி யூடியூபில் போட்டுவிட்டால் சுமையும் தீரும், தாத்தா பெயரும் நிலைக்கும் என்கிறான்.

"அப்பாவைக் கடைசி எட்டு ஆண்டுகள் பார்த்துக்கொண்டவள் நான். சென்ற ஆண்டுப் பொங்கலன்று பீரோ சாவியை என் கையில் கொடுத்து, 'இதெல்லாம் இனி உன் பொறுப்பு' என்றார். ஆகவே இவை எனக்கே உரியவை என்று நினைக்கிறேன். எனக்கு இந்த இசையில் பெரிய நாட்டமும் கிடையாது. விற்பது தவறாகுமா? ஐம்பது ஆண்டு கடந்த பாட்டுகளைக் காசு வாங்காமல் யூடியூபில் போடுவதில் என்ன தடை? ஏதாவது நிறுவனத்துக்குக் கொடுத்தால் வருமான வரிச் சலுகை கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் சேகரிப்பு உங்களுக்கு வேண்டாத சுமையாகத் தோன்றுவதில் குற்றவுணர்வு கொள்ள ஒன்றுமில்லை. கடிதத்தில் மூன்று இடங்களில் அதற்காக மன்னிப்புக் கேட்கும் தொனியில் எழுதியிருக்கிறீர்கள். இசை கேட்கும் கடமை வாரிசுரிமையோடு இறங்குவதில்லை, பொருள்தான் இறங்குகிறது. அந்தப் பொருள் யாருக்கு இறங்கியிருக்கிறது என்பதில்தான் உங்களோடு நான் மாறுபட வேண்டியிருக்கிறது.

சாவி கொடுத்ததும் சொத்து கொடுத்ததும்

உயில் இல்லாமல் இறந்த இந்து ஆணின் சொத்து, 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் எட்டாம் பிரிவின்படி, முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் சமமாகப் போகிறது. அந்த வகுப்பில் வரும் அப்பாவின் தாயார், அதாவது உங்கள் பாட்டி, உயிரோடு இல்லை என்று எழுதியிருப்பதால் அம்மா, அண்ணன், தம்பி, நீங்கள் ஆகிய நால்வருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. வீட்டுக்கும் வங்கிக் கணக்குக்கும் மட்டுமே இது பொருந்தும் என்று பலர் நினைக்கிறார்கள். மரப்பெட்டியில் இருக்கும் இசைத்தட்டுக்கும் இதே கணக்குதான். கடைசிக் காலத்தில் யார் பார்த்துக்கொண்டார்கள் என்பதைச் சட்டம் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது நியாயமா என்று கேட்டால் எனக்கும் பதில் சொல்லத் தயக்கம்தான்.

பொங்கலன்று சாவி கொடுத்த விஷயம் கொஞ்சம் நுட்பமானது. வாய்மொழியாக உயில் சொல்வது போர்முனையில் இருக்கும் படைவீரர் போன்ற சிலருக்கே அனுமதிக்கப்பட்டது. அந்த வழி உங்களுக்கு இல்லை. ஆனால் அசையும் பொருளை உயிரோடு இருக்கும்போதே தானமாகக் கொடுப்பதற்குப் பத்திரமோ பதிவோ கட்டாயமில்லை. கொடுக்கும் எண்ணத்தோடு கையில் ஒப்படைத்தாலே போதும் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு சொல்கிறது. பீரோ சாவியைக் கொடுப்பது உள்ளே இருப்பதை ஒப்படைப்பதாகும் என்று வாதாடலாம். இடிக்கிற இடம் அப்பா சொன்ன சொல்: அவர் "உன் பொறுப்பு" என்றார், "உனக்கு" என்று சொல்லவில்லை. பொறுப்பு என்பதைப் பாதுகாப்பு என்றும் பொருள்கொள்ளலாம். மேலும் உங்கள் கடிதப்படி பீரோவில் இருப்பவை கேசட்டுகள் மட்டுமே, எல்.பி.க்களும் 78 தட்டுகளும் வெளியே இருக்கின்றன. நாற்பதாயிரம் ரூபாய்ப் பொருளுக்காக இந்த வாதத்தைத் தம்பியிடம் தொடங்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

அதற்குப் பதிலாக இப்படிச் செய்யுங்கள். இன்ன வகையில் இத்தனை இருக்கிறது, இன்ன தேதிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும், இன்னின்னவற்றை இப்படிச் செய்ய நினைக்கிறேன் என்று இருவருக்கும் ஒரே மின்னஞ்சல் எழுதுங்கள். அலமாரிகளைப் படம் எடுத்து இணையுங்கள். வேண்டியதைத் தேர்ந்தெடுக்கவும், மற்றவற்றில் ஆட்சேபம் இல்லை என்று பதில் எழுதவும் 30 நாள் அவகாசம் கொடுங்கள். "தூக்கிப் போடு" என்று அண்ணன் தொலைபேசியில் சொன்னதை அவர் கையால் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது; அப்படிச் சொன்னவர்கள் விற்ற பிறகு விலை கேட்டதைப் பார்த்திருக்கிறேன். தம்பிக்கு வேண்டியவற்றைத் தனிப் பெட்டியில் கட்டி, அவரே ஏற்பாடு செய்யும் இடத்துக்கு அனுப்பிவிடுங்கள். மார்கழிவரை அந்தப் பெட்டி காத்திருக்கலாம். மொத்த வீடும் காத்திருக்க இயலாது என்பதை அவர் புரிந்துகொள்வார். அம்மாவிடம் பொதுவாகக் கேட்காதீர்கள். நான்கைந்து தட்டுகளை அவர் மடியில் வைத்து, இவற்றில் எது இருக்கட்டும் என்று கேளுங்கள்.

தட்டு உங்களுடையது, பாட்டு உங்களுடையதல்ல

மகனின் திட்டத்துக்கு வருகிறேன். அதில் இரண்டு தவறான எண்ணங்கள் கலந்திருக்கின்றன. நேரில் என்னிடம் வருபவர்களிலும் பலருக்கு இவை உண்டு.

ஐம்பது ஆண்டு என்ற எண்ணை நீங்கள் எங்கோ சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். நம் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் முன்பு அப்படித்தான் இருந்தது. 1941-இல் மறைந்த தாகூரின் படைப்புகள் 1991 இறுதியோடு பொதுவுடைமையாக இருந்த நேரத்தில் அந்தக் காலம் அறுபதாக நீட்டப்பட்டது. இப்போது ஓர் ஒலிப்பதிவின் உரிமை, அது முதலில் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டுகள். 1962-இல் வெளியான எல்.பி.யின் ஒலிப்பதிவு உரிமை 2022 டிசம்பர் 31-உடன் தீர்ந்தது; 1978-இல் வெளியானதற்கு 2038 இறுதிவரை இருக்கிறது. எல்.பி.யின் நடு லேபிளிலோ உறையிலோ வட்டத்துக்குள் ஆங்கில 'பி' எழுத்தும் அருகில் ஓர் ஆண்டும் பெரும்பாலும் அச்சாகியிருக்கும். 78 தட்டுகளில் பொதுவாக ஆண்டு இருக்காது. கம்பெனி எண்ணைக் கொண்டுதான் காலத்தைக் கணிக்க வேண்டும்.

அத்தோடு முடியவில்லை. ஒலிப்பதிவுக்கு உள்ளே பாட்டு என்ற இன்னொரு படைப்பு இருக்கிறது. அதற்கு இயற்றியவர் மறைந்த ஆண்டிலிருந்து தனியாக 60 ஆண்டுக் கணக்கு. தியாகராஜர் 1847-இல் சித்தியடைந்தார், அங்கே கவலையில்லை. பாபநாசம் சிவன் மறைந்தது 1973-இல். ஆகவே அவருடைய கீர்த்தனைகளுக்கு 2033 இறுதிவரை உரிமை உண்டு. ஒரே தட்டின் முன்பக்கம் தடையில்லாமலும் பின்பக்கம் தடையோடும் இருக்கலாம். பாரதியார் பாடல்களுக்கு இந்தச் சிக்கலே கிடையாது. அவற்றின் உரிமையை 1949-இல் சென்னை அரசு வாங்கி, பின்னர் பொதுவாக்கிவிட்டது. அதற்கு முன் அவற்றை இசைத்தட்டில் பதியும் உரிமை ஏவிஎம் பட நிறுவனத்தைத் தொடங்கிய ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் கையில் இருந்தது.

காசு வாங்காவிட்டால் குற்றமில்லை என்பது இரண்டாவது எண்ணம். பொதுமக்களுக்குக் கிடைக்கச் செய்வதே உரிமையாளரின் அனுமதி தேவைப்படும் செயல். கட்டணம் வாங்கினீர்களா என்பது பிறகு வரும் கேள்வி. "உரிமை அவரவர்க்கே" என்று காணொளியின் கீழே எழுதிவைப்பது, அடுத்தவர் வீட்டில் நுழைந்து "இது என் வீடு அல்ல" என்று பலகை மாட்டுவதைப் போன்றது. வேண்டுமென்றே மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் 63-ஆம் பிரிவில் இருக்கின்றன. தாத்தாவின் தட்டை ஏற்றிய மாணவனைத் தேடிக் காவல்துறை வரும் என்று பயமுறுத்த மாட்டேன். நடைமுறையில் நடப்பது வேறு. யூடியூபின் தானியங்கிச் சோதனை பாட்டை அடையாளம் கண்டு வருமானத்தை உரிமையாளருக்குத் திருப்பும், அல்லது காணொளியை முடக்கும். முறையான புகார் 90 நாளில் மூன்று வந்தால் சேனலே போய்விடும். தாத்தா பெயர் நிலைக்க அது உறுதியான இடமில்லை.

வீட்டுக்குள் கேட்பதற்காகக் கணினியில் ஏற்றிக்கொள்வதற்குத் தடை ஏதுமில்லை. சொந்தப் பயன்பாட்டுக்கு 52-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. உங்கள் மகனின் உழைப்பு அங்கே போகட்டும், ஆனால் 600 எல்.பி.க்களில் அல்ல. அவற்றில் மிகப் பெரும்பாலானவை கம்பெனிகளே கட்டணச் செயலிகளில் வெளியிட்டிருப்பவையாக இருக்கும். ஸ்பூல் டேப்புகளுக்கு வேறு பிரதி கிடையாது.

நாற்பத்தாறு டேப்புகள்

வியாபாரி எல்.பி.க்களைப் பார்த்து விலை சொன்னார். டேப்புகளை இலவச இணைப்பாகக் கேட்டார். இங்கேதான் நீங்கள் ஏமாறக்கூடிய இடம் இருக்கிறது. எல்.பி. ஆயிரக்கணக்கில் அச்சானது, ஒன்று தொலைந்தால் இன்னொன்று கிடைக்கும். உங்கள் அப்பா 1970-களில் ஒரு வீட்டுக் கூடத்தில் மைக்கை வைத்துப் பதிந்த மூன்று மணி நேரக் கச்சேரி உலகத்தில் அந்த ஒரு நாடாவில் மட்டுமே இருக்கிறது. 78 தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடமே கிடைத்ததால், அந்தக் கால வித்வான்கள் ராகத்தை விரித்துப் பாடியதைக் கேட்க இப்படிப்பட்ட டேப்புகளையே நம்ப வேண்டியிருக்கிறது. நீங்கள் படம் எடுத்து அனுப்பிய நோட்டுப் பக்கத்தில் பதினான்காம் டேப்புக்கு எதிரே, நீல மையில், "தனி முடியுமுன் நாடா தீர்ந்தது. வெளியே நல்ல மழை" என்று இருக்கிறது. (தனி என்பது கச்சேரியில் தாளவாத்தியக்காரர் தனியாக வாசிக்கும் பகுதி.) எந்தக் கம்பெனித் தட்டின் உறையிலும் இப்படி ஒரு வரி கிடைக்காது.

சட்டப்படி இவை சிக்கலானவை என்பதும் உண்மை. பதிந்தவர் என்ற வகையில் அப்பாவுக்கு ஓர் உரிமை இருந்ததாகச் சொல்ல முடியும். ஆனால் பாடியவருக்கும் வாசித்தவர்களுக்கும் கலைஞர் உரிமை உண்டு. நிகழ்ச்சி நடந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 50 ஆண்டுகள். உங்கள் 'ஐம்பது' இங்கே உயிரோடு இருக்கிறது. இந்த உரிமை நம் சட்டத்துக்குள் வந்தது 1995 மே மாதத்தில்தான். அதற்கு முந்தைய கச்சேரிகளுக்கு அது செல்லுமா என்பதை நீதிமன்றத்தில் சோதிக்கும் நிலைக்கு நீங்கள் போக வேண்டாம். பாடகரின் பிள்ளைகளோ சிஷ்யர்களோ சென்னையிலேயே இருக்கக்கூடும். அவர்களுக்கு ஒரு பிரதி கொடுத்து, எழுத்தில் சம்மதம் வாங்கிவிட்டால், அதன் பிறகு வெளியிடுவது பற்றி யோசிக்கலாம். இப்படிக் கேட்டுப் போனவர்களை வாசலில் நிறுத்திய குடும்பத்தை நான் இதுவரை பார்க்கவில்லை.

டேப்புகளைப் பரணிலிருந்து எடுத்தவுடன் பழைய இயந்திரத்தில் ஓட்டிப் பார்க்கத் தோன்றும். ஓட்டாதீர்கள். நம் ஊர் ஈரத்தில் நாடாவில் பூஞ்சை படிந்திருக்கும், ஒட்டுப் போட்ட இடங்கள் உலர்ந்து விட்டுப்போயிருக்கும். முதல் ஓட்டத்திலேயே அறுந்தால் அதுவே கடைசி ஓட்டமாகிவிடும். டப்பாவோடு நிமிர்த்தி வைத்து, ஒலிபெருக்கி, மோட்டார் போன்ற காந்தமுள்ள பொருள்களிடமிருந்து தள்ளி வைத்து, இந்த வேலை தெரிந்தவரிடம் ஒரே தடவையில் மாற்றிக்கொள்ளுங்கள். ஜவுளிக்கடைத் துணிப்பையில் போட்டு ஆட்டோவில் எடுத்துப்போவதும் வேண்டாம்.

எதை விற்கலாம், எதைக் கூடாது

கம்பெனி வெளியிட்ட அசல் தட்டையும் அசல் கேசட்டையும் யாரிடமும் அனுமதி கேட்காமல் விற்கலாம். சென்னையின் பழைய மூர் மார்க்கெட் 1985-இல் எரிவதற்கு முன்பும், பிறகு அதன் கடைகள் அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறிய பின்பும், பழைய ரெக்கார்டு வியாபாரம் வெளிப்படையாகத்தான் நடந்து வந்திருக்கிறது. கூடாதது ஒன்று உண்டு. எண்பதுகளில் தெருவுக்குத் தெரு இருந்த ரெக்கார்டிங் சென்டர்களில், பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்து வெற்றுக் கேசட்டில் பதிந்து வாங்குவோம், நினைவிருக்கிறதா? உங்கள் பீரோவில் பாதி அவைதாம் என்று தெரிகிறது. அவை அனுமதியற்ற நகல்கள். வைத்துக்கொண்டு கேட்கலாம், விலைக்கு விற்கக் கூடாது. அவற்றைக் காயலான் கடைக்குப் போட எனக்குத் தயக்கமில்லை. ஆனால் ஒவ்வொன்றின் மேல்சீட்டையும் படித்துவிட்டுப் போடுங்கள். சினிமாப் பாட்டுக்கு நடுவே உங்கள் பாட்டியின் குரலோ, உங்கள் காதுகுத்து விழாவோ பதிவாகியிருக்கலாம்.

மொத்த விலைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். வகைவாரியாகப் பிரித்து, இரண்டு மூன்று பேரிடம் பட்டியல் கொடுத்து விலை கேளுங்கள். நல்லதை மட்டும் பொறுக்கிக்கொண்டு மீதியை உங்கள் தலையில் விட்டுப்போகும் பேரத்துக்கும் இடம் கொடுக்க வேண்டாம். 78 தட்டுகளைத் தூசு துடைக்கும்போது ஸ்பிரிட் தொடவே கூடாது. அவை அரக்கால் செய்யப்பட்டவை, ஸ்பிரிட்டில் அரக்கு கரைந்துவிடும். எல்.பி. தட்டு வினைல், அது படுக்கையாக அடுக்கினால் வெயிலில் வளையும். மின்முறைப் பதிவு வந்த 1925-க்கு முந்தைய தட்டு ஏதாவது கிடைத்து, அண்ணன் அதைக் கேட்டால், நாட்டுக்கு வெளியே அனுப்பும் முன் விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுவிடுங்கள். நூறாண்டு கடந்த கலைப்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. அதன் வரையறை மிக விரிவானது.

கொடுப்பதாக இருந்தால்

தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், ராயப்பேட்டையில் மியூசிக் அகாடமியின் ஒலி ஆவணத் தொகுப்பு, 1982-இல் தொடங்கி இப்போது தில்லியை அடுத்த குருகிராமில் இருக்கும் இன இசையியல் ஆவணக் காப்பகம் ஆகியவை உடனே நினைவுக்கு வருகின்றன. யாரும் மூட்டையை அப்படியே வாங்கிக்கொள்ள மாட்டார்கள். அவர்களிடம் ஏற்கெனவே இருப்பவை உங்களிடமும் இருக்கும். அவர்களுக்கும் இடப் பற்றாக்குறை. கம்பெனி, எண், பாடியவர், தட்டின் நிலை என்று நான்கு கட்டத்தில் ஒரு பட்டியல் தயாரித்து முதலில் அனுப்புங்கள். நோட்டின் நகலையும் சேருங்கள். வாசலில் மூட்டையை இறக்கிவிட்டு வருவது தானம் ஆகாது.

கொடுக்கும்போது கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். முழு உரிமையோடு கொடுக்கிறீர்களா, பாதுகாப்புக்கு ஒப்படைக்கிறீர்களா. மிகைப்பிரதிகளை அவர்கள் பிறருக்குக் கொடுக்கலாமா. டேப்புகளின் கணினிப் பிரதி குடும்பத்துக்குக் கிடைக்குமா. கலைஞர் குடும்பத்தின் சம்மதம் வரும்வரை அவற்றை வளாகத்துக்குள் மட்டுமே கேட்கலாமா. இவை அதில் தெளிவாக இருக்க வேண்டும். நால்வரும் கையெழுத்திடுவது உத்தமம். மகன் ஒரு ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி அதை மட்டும் கொடுத்தால் போதாதா என்று கேட்பான். போதாது. லாப நோக்கமற்ற பொது நூலகம் பாதுகாப்புக்காகக் கணினிப் பிரதி வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிப்பது, அசல் பொருள் அதனிடம் ஏற்கெனவே இருந்தால்தான்.

வரிச் சலுகை பற்றிக் கேட்டிருந்தீர்கள். 80ஜி என்று பலரும் அறிந்த நன்கொடை வரிக் கழிவு பணமாகத் தரும் நன்கொடைக்கே உண்டு, பொருளாகத் தருவதற்கு இல்லை. விற்றுப் பெரிய தொகை வந்தால் உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் செய்ய வேண்டியவை மூன்று. சகோதரர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அந்த நீளநோட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை ஜெராக்ஸ் எடுங்கள். வியாபாரியிடம் குடும்பத்தாரின் ஒப்புதல் வரவேண்டியிருக்கிறது, ஒரு மாதம் கழித்துக் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிடுங்கள். அதையும் மீறி அவர் வந்துவிட்டால், டேப்புப் பெட்டியும் நோட்டும் கூடத்தில் அவர் கண்ணில் படும்படி இருக்க வேண்டாம். அம்மாவின் அறையில் இருக்கட்டும்.